கிள்ளினால் பூக்கும் துணி: ஜப்பானின் ‘சுமாமி’யும் மதுரை விரல்களும்

மதுரைக்காரர்களுக்குப் பூவைப் பற்றிப் பாடம் எடுக்க வருகிறவர்கள் கொஞ்சம் யோசித்துக்கொண்டு வர வேண்டும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியற்காலையில் மூட்டையைப் பிரித்ததுமே, இது இன்றைக்குப் பறித்த அரும்பா, நேற்றைய மிச்சமா என்று வாசனையிலேயே சொல்லிவிடுகிற ஊர் இது. 2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடே வாங்கியாகிவிட்டது.

ஆனால், அதே மதுரையில் மார்கழி பிறந்தால் கதை மாறிவிடும். பனியில் அரும்பு வரத்துக் குறைந்து, மல்லி விலை கிலோவுக்கு ஆயிரங்களைத் தாண்டும். தையில் வரிசையாகக் கல்யாண முகூர்த்தம் வேறு. அப்போது வாடகைக் கடையில் பிளாஸ்டிக் பூஜடையைத் தேடிப் போகாத வீடு குறைவு. வாடாத பூவுக்கு எந்தக் காலத்திலும் நம் ஊரில் ஒரு தேவை இருந்துகொண்டேதான் இருக்கிறது.

அதனால்தான் துணிப்பூ வகுப்புகளுக்கும் நம் ஊரில் மவுசு குறைவதில்லை. ஒயர் கூடை பின்னக் கற்ற தலைமுறை அடுத்ததாக ஸ்டாக்கிங் துணியைக் கம்பியில் இழுத்துக் கட்டி ரோஜா செய்தது. அவர்களுடைய மகள்களும் பேத்திகளும் இப்போது செல்போனில் ‘கன்சாஷி ஃப்ளவர்’ என்று தேடுகிறார்கள். சாட்டின் ரிப்பனைச் சதுரமாக வெட்டி, மடித்து, ஓரத்தை மெழுகுவத்தித் தீயில் லேசாகக் காட்டி, பசைத் துப்பாக்கியால் ஒட்டினால் இருபது நிமிடத்தில் பூ ரெடி. ஆரத்தித் தட்டு, சீர்வரிசைத் தட்டு, குழந்தையின் ஹேர் பேண்ட் என்று எல்லா இடத்திலும் அது உட்கார்ந்திருக்கிறது.

அழகுதான். ஆனால், இதன் பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. ‘கன்சாஷி’ என்றால் ஜப்பானிய மொழியில் கொண்டையில் செருகும் அணி. நம் ஊர் ராக்குடி, ஜடைபில்லை மாதிரி. அதை மரத்தில் செய்தாலும் கன்சாஷிதான். ஆமை ஓட்டிலும் உலோகத்திலும் செய்தாலும் கன்சாஷிதான். துணியை மடித்துப் பூவாக்கும் வேலைக்குப் பெயர் ‘சுமாமி சைக்கு’. சுனாமியை உச்சரிக்கத் தெரிந்தவர்களுக்கு சுமாமியும் வந்துவிடும். ‘சுமாமி’ என்றால் கிள்ளுதல். ‘சைக்கு’ என்றால் கைவேலைப்பாடு. அந்தக் கிள்ளுதான் இந்தக் கலையின் உயிர். மெழுகுவத்திக்கும் பசைத் துப்பாக்கிக்கும் அதில் வேலையே இல்லை. ஊசி நூலும் கிடையாது.

தீயும் இல்லை, தையலும் இல்லை

பிறகு எப்படித்தான் நிற்கிறது? சோற்றுப் பசையில்!

அரிசி மாவுப் பசையை ஒரு மரப்பலகையில் வைத்துக் கட்டியில்லாமல் தேய்த்து, தோசை வார்ப்பதுபோல் ஒரே கனத்தில் பரப்பிவிடுவார்கள். மெல்லிய வெண்பட்டைச் சாயமேற்றி, சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு சதுரத்தையும் கூர்மையான இடுக்கியால் பிடித்து, மடித்து, கிள்ளி, அந்தப் பசைப் பலகையின் மேல் வரிசையாக நிறுத்துவார்கள். இதழின் அடிப்பக்கம் பசையைக் குடித்ததும் எடுத்து, அட்டைத் தளத்தில் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். இப்படி இதழ் அடுக்குவதற்கு அவர்கள் பயன்படுத்தும் சொல், கூரை வேய்வதற்கும் அதே சொல்தான். கீற்று வேய்ந்தவர்களைப் பார்த்திருந்தால் அந்தச் சொல்லின் பொருத்தம் புரியும். ஒரு வரிசை கோணினால் மேலே உள்ள எல்லா வரிசையும் கோணும்.

அடிப்படை மடிப்புகள் இரண்டே இரண்டுதான். சதுரத்தை மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம். அதையே மறுபடியும், மறுபடியும் மடித்தால் கூர் இதழ். சாமந்திக்கு இது. முக்கோணத்தின் இரு முனைகளையும் பின்பக்கமாக வளைத்துச் சேர்த்தால் உருண்டை இதழ். ஐந்து உருண்டை இதழ் வைத்தால் அவர்களுக்குப் பிரியமான ‘உமே’ பூ வந்துவிடும். மற்றதெல்லாம் இந்த இரண்டின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

கேட்க சுலபமாக இருக்கிறது, இல்லையா? துணியை இழை பார்த்து வெட்டாவிட்டால் அங்கேயே தோல்வி. சதுரம் நேர் இழையில் இருந்தால்தான் மடிப்பு சரியாகக் குறுக்கு இழையில் விழும். குறுக்கு இழைக்குத்தான் இழுவை உண்டு. ரவிக்கைக்குக் கிராஸ் கட்டிங் ஏன் என்று தெரிந்த டெய்லர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்த இழுவையால்தான் இதழ் விறைப்பாக நிற்காமல் நிஜப் பூப்போல வளைகிறது. வெட்டில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், பன்னிரண்டு இதழ் வைத்து முடிக்கும்போது கடைசி இதழுக்கு இடம் இருக்காது.

மாதத்துக்கு ஒரு பூ

எடோ காலத்தில் (1603–1868) வளர்ந்த கலை இது. பழைய கிமோனோக்களில் மிஞ்சிய பட்டுத் துண்டுகளை வீணாக்க மனமில்லாத கைகளில் தொடங்கியது என்பார்கள். எடோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு வந்தவர்கள் ஊர் திரும்பும்போது வீட்டுப் பெண்களுக்கு வாங்கிப்போகும் பொருளாகவும் இருந்தது. சித்திரைத் திருவிழாவுக்கு வந்துவிட்டு வளையல் வாங்காமல் ஊருக்குப் போக முடியுமா? அதுபோலத்தான்.

இந்தப் பூவின் முழு வீச்சையும் பார்க்க வேண்டுமென்றால் கியோட்டோவின் ‘மைக்கோ’க்களைப் பார்க்க வேண்டும். நடனமும் இசையும் பயிலும் இளம் கலைஞர்கள் இவர்கள். தலையில் வைக்கும் துணிப்பூ இவர்களுக்கு மாதத்துக்கு மாதம் மாறும். பிப்ரவரியில் உமே, மார்ச்சில் மஞ்சள் கடுகுப் பூ, ஏப்ரலில் சகுரா, மே மாதத்தில் கொத்தாகத் தொங்கும் விஸ்டீரியா, அக்டோபரில் சாமந்தி, நவம்பரில் சிவந்த மேப்பிள் இலை. டிசம்பரில் இன்னும் வேடிக்கை. பூவோடு இரண்டு குட்டிப் பெயர்ப்பலகைகள் வெறுமையாகத் தொங்கும். கபுகி நாடக நடிகர்களைச் சந்தித்து அதில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். ரசிகர் மன்றம் எந்த நாட்டில்தான் இல்லை!

சாதாரண வீடுகளிலும் உண்டு. நவம்பர் 15-ஐ ஒட்டி வரும் ‘ஷிச்சி-கோ-சான்’ சடங்கில் மூன்று வயது, ஏழு வயதுப் பெண் குழந்தைகளுக்குக் கிமோனோ கட்டி, இந்தப் பூக்களைத் தலையில் செருகிக் கோயிலுக்கு அழைத்துப் போவார்கள். போட்டோ எடுத்துப் பத்திரப்படுத்துவார்கள். நாம் பூஜடை வைத்துக் குழந்தையைக் கண்ணாடி முன் திருப்பி நிறுத்திப் போட்டோ எடுப்போமே, அதே ஆசைதான்.

ஆனால், பெண்கள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு கிமோனோவை அலமாரியில் மடித்து வைத்தபோது இந்தக் கைவினைஞர்களுக்கு வேலை குறைந்தது. 1982-ல் டோக்கியோ நிர்வாகம் இதைத் தன் பாரம்பரியக் கைவினைகளில் ஒன்றாக அறிவித்தது. தொழில்முறைக் கலைஞராக ஒரு குருவிடம் ஐந்து முதல் பத்து வருடங்கள் உட்கார வேண்டும் என்பது பழைய கணக்கு. அத்தனை வருடம் உட்கார இன்று ஆள் எங்கே? அதைத் தாங்கிப் பிடித்தவை சின்னச் சின்னப் பயிற்சி வகுப்புகள்தான். டோக்கியோவில் மணி, ரிப்பன், கைவினைப் பொருள் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் அசகுசபாஷி பகுதியில் சுமாமிக்கென்றே தனிக் கடை இருக்கிறது. நறுக்கிய துணிச் சதுரம், இடுக்கி, தளம் எல்லாம் கிடைக்கும்; வகுப்பும் நடக்கும். இரண்டு, மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு பூவோடு எழுந்து வரலாம்.

வகுப்பு ஏன் சின்னதாக இருக்க வேண்டும்? கூட்டம் சேர்ந்தால் வருமானம்தானே என்று தோன்றும். இந்த வேலையில் தப்பு நடக்கும் இடம் இடுக்கியின் நுனி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அரை விநாடியில் நடந்து முடிந்துவிடும். சொல்லித் தருபவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தாக வேண்டும். ஐந்தாறு பேருக்கு மேல் போனால் அது வகுப்பு இல்லை, கண்காட்சி. வீடியோவுக்கும் இதே குறைதான். அது தன் விரலைக் காட்டும். உங்கள் விரலைப் பார்க்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கற்றுவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேருக்குச் சொல்லித்தரக் கிளம்புகிறவர்களிடம் பணம் கட்டும் முன், அவர்கள் செய்த பூவைத் திருப்பி, அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். அடி சுத்தமாக இருந்தால் நம்பி உட்காரலாம்.

நம் ஊர்க் கிள்ளு

இப்போது ஜப்பானிலிருந்து திருமலை நாயக்கர் மகாலின் அக்கம்பக்கத் தெருக்களுக்கு வருவோம். துணியைக் கிள்ளிப் பிழைத்த விரல்கள் இங்கேயும் உண்டு. சுங்குடிப் புடவை!

சௌராஷ்டிர சமூகத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டுத் திண்ணையில் செய்த வேலை அது. துணியை நகக்கண்ணால் துளி கிள்ளி, அந்தக் கிள்ளலின் கழுத்தில் நூலைச் சுற்றி இறுக்க வேண்டும். ஒரு புடவைக்கு இப்படி ஆயிரக்கணக்கான முடிச்சுகள். சாயத்தில் முக்கி எடுத்து, காய்ந்ததும் நூலைப் பிரித்தால், கட்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. ஜப்பானிலும் அச்சு அசலாக இதற்கு ஓர் உறவு இருக்கிறது. ‘கானோகோ’ என்று பெயர். மான்குட்டியின் முதுகில் இருக்கும் புள்ளி என்று பொருள். கிமோனோவுக்கு அது உயர்ந்த வேலைப்பாடு.

மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்தது. மல்லிக்கு முன்பே! ஆனாலும் இன்று ‘சுங்குடி’ என்று கடையில் விரித்துக் காட்டப்படுபவற்றில் பெரும்பாலானவை அச்சுப் பதித்தவைதான். முடிச்சுக்குக் கிடைக்கும் கூலி, கண்ணுக்கும் முதுகுக்கும் ஆகும் செலவுக்குக் காணாது. மகள்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கு வாய் இருக்கிறது? ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போட்ட புடவையையும் அச்சடித்த புடவையையும் ஒரே விலைக்குக் கேட்டது நாம்தானே.

சுமாமி கற்கப் போகிறவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. ‘கற்றால் வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாமா?’ என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. போட்டுப் பார்ப்போம். மூன்று அடுக்குச் சாமந்திக்கு அடுக்குக்குப் பன்னிரண்டு வீதம் 36 இதழ். கை பழகியவருக்கு ஓர் இதழை மடித்து வைக்க ஒன்றரை நிமிடம் என்றால் 54 நிமிடம். சதுரம் வெட்ட, தளம் செய்ய, பின் பொருத்த இன்னும் அரை மணி நேரம். ஆக, ஒரு பூவுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். 200 ரூபாய்க்கு விற்று, பொருள் செலவு 40 போனால், மணிக்கு நூறு ரூபாய் சொச்சம் நிற்கும். புதிதாகக் கற்றவருக்கு நேரம் இரட்டிப்பாகும். அவருக்கு மணிக்கு ஐம்பது சொச்சம்தான். பக்கத்திலேயே பசைத் துப்பாக்கியால் ஒட்டிய ரிப்பன் பூ பாதி விலைக்கு இருந்தால், வாங்க வருபவருக்கு வித்தியாசம் தெரிய வேண்டுமே! தெரியவைக்க முடிகிறவர்கள் மட்டும் வியாபாரத்தை யோசிக்கலாம். மற்றவர்கள் மகளின் நாட்டிய அரங்கேற்றத்துக்கோ, மருமகளின் வளைகாப்புக்கோ செய்து மகிழலாம். அதற்கு மணிக்கணக்குப் பார்க்கத் தேவையில்லை.

தொடங்குவதற்கு முன்…

நாலு பேர் சேர்ந்து ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தாலே போதும். முதல் வேலை, ஃபேனை அணைப்பது. சதுரங்கள் பறந்துவிடும், மதுரைச் சித்திரை வெயிலில் பசையும் பலகையிலேயே காய்ந்துவிடும். பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும். நகைக்கடைக்காரர்கள் கல் பதிக்க வைத்திருப்பது போன்ற நுனி மெலிந்த இடுக்கி நல்லது. புருவம் திருத்தும் இடுக்கி துணியை நசுக்கும்.

கல்யாணப் பட்டுப் புடவையின் துண்டு இதற்குக் கனம் அதிகம், ஜரிகை வேறு மடிய மறுக்கும். பட்டு லைனிங் துணி, மெல்லிய வாயில் எல்லாம் மடியும். ஆரம்பத்தில் 4 சென்டிமீட்டர் சதுரம் போதும். ஒரு சாண் அகலத் துண்டிலேயே, அதாவது 20-க்கு 20 சென்டிமீட்டரில், 25 சதுரம் வரும். ஐந்து உமே பூக்கள். தெரிந்த டெய்லரிடம் கேட்டால், குப்பைக்குப் போகும் ஒட்டுத்துணியைப் பை நிறையத் தருவார்.

அரிசிப் பசைப் பூ தண்ணீர் பட்டால் அவிழ்ந்துவிடும். அதைவிடப் பெரிய எதிரி நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய். தலை குளித்த கூந்தலில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் கறை பட்டில் ஏறினால் இறங்காது.

பழைய சுங்குடியிலும் செய்யலாம். சிவப்பு இதழில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்து உட்காரும் அழகுக்காகவே செய்து பார்க்கலாம். ஆனால், கத்திரியை எடுக்கும் முன் புடவையைத் திருப்பிப் பாருங்கள். புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இல்லாமல், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெளிவாகத் தெரிந்தால் அது கையால் முடிச்சுப் போட்டதாக இருக்கும். அது நல்ல நிலையில் இருந்தால் மடித்து உள்ளே வைத்துவிடுங்கள். கிழிந்ததாக இருந்தால் கிழியாத பகுதியில் ஒரு மீட்டர் தேறினாலும் 600 சதுரத்துக்கு மேல் கிடைக்கும்.