சாக மறுக்கும் செல்கள்

செம்பூரில் பல தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள். வயிறு எரிந்தால் பலரும் மருந்துக் கடைக்குத்தான் போகிறார்கள். 'கேஸ் டிரபிள்' என்று சொல்லி மாத்திரை வாங்குகிறார்கள். பெரும்பாலும் அது வெறும் எரிச்சல்தான். சிலருக்கு மட்டும் அது இரைப்பைப் புற்றுநோயாக இருக்கும். மாத்திரை எரிச்சலை அடக்கும். நோய் உள்ளே வளரும்.

சென்னையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இது நீண்ட காலமாக முன்வரிசையில் உள்ளது.

இந்த நோய் எப்படி வருகிறது? வீட்டுக்குச் செங்கல் போல உடம்புக்குச் செல். செல் என்றால் உயிரணு. அது பிறக்கிறது, வேலை செய்கிறது, சாகிறது.

செல் சாவது நல்லதா? நல்லதுதான். தாயின் கருவில் குழந்தையின் கை முதலில் துடுப்புப் போல இருக்கும். நடுவில் உள்ள செல்கள் செத்து மறைந்த பிறகே ஐந்து விரல்களும் பிரியும். 1972-இல் விஞ்ஞானிகள் இந்தச் சாவுக்கு 'அப்போப்டோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. பழுத்த இலை உதிர்ந்தால் மரத்துக்குக் கேடு இல்லை அல்லவா?

இரைப்பையில் கடுமையான அமிலம் சுரக்கிறது. அதனால் உட்புறச் செல்கள் சில நாட்களிலேயே சாகின்றன. புதியவை பிறக்கின்றன.

எந்தச் செல் சாக வேண்டும் என்று முடிவு செய்வது யார்? செல்லுக்குள் இருக்கும் புரதங்கள். புரதம் என்றதும் பருப்பும் முட்டையும் நினைவுக்கு வரும். இவை செல்லின் வேலையாட்கள். பி-53 என்ற புரதம் காவல்காரர். செல் பழுதானால் அது வேலையை நிறுத்தும். பழுதைச் சரிசெய்ய முடியாவிட்டால் 'பாக்ஸ்' என்ற புரதத்தை ஏவும். பாக்ஸ், செல்லுக்குச் சக்தி தரும் அறையில் ஓட்டை போடும். பிறகு 'காஸ்பேஸ்' என்ற புரதங்கள் கத்தரிக்கோல் போலச் செல்லை வெட்டிவிடும். பி.சி.எல்-2 என்று இன்னொரு புரதம் உண்டு. அது சாவைத் தடுக்கும்.

புற்றுநோயில் இந்த ஏற்பாடு கெடுகிறது. பலருடைய கட்டியில் பி-53 பழுதாகிக் கிடக்கிறது. காவல்காரர் இல்லாத வீடுதான். சாக வேண்டிய செல் சாகாமல் பெருகுகிறது. பல புற்றுநோய் மருந்துகளும் இந்தச் சாவு வழியில்தான் செல்லைக் கொல்கின்றன. வழி அடைபட்டால் மருந்தும் சரியாக வேலை செய்யாது.

இதில் ஒரு கிருமிக்கும் பங்கு உண்டு. அதன் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இதைக் கண்டறிந்தார்கள். யாரும் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார்! வயிற்று அழற்சி வந்தது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கிருமி பல ஆண்டுகள் இரைப்பையைப் புண்ணாக்கும். அது செலுத்தும் ஒரு புரதம் பி-53-ஐயும் முடக்கும். ஆனால் கிருமி உள்ள எல்லாருக்கும் புற்றுநோய் வருவதில்லை. மருந்தால் கிருமியை ஒழிக்கலாம். புகையும், உப்பு மிகுந்த கருவாடும் ஊறுகாயும் ஆபத்தைக் கூட்டும்.

கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைகிறதா? உடம்பு இளைக்கிறதா? வாந்தி நிற்கவில்லையா? மலம் கறுப்பாகப் போகிறதா? உடனே டாக்டரிடம் போக வேண்டும். வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பார்கள். இதற்குப் பெயர் எண்டோஸ்கோப்பி. சந்தேகம் இருந்தால் துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். செம்பூர்க்காரர்களுக்குச் சயான் மருத்துவமனை பக்கம். பரேலில் 1941 முதல் டாட்டா நினைவு மருத்துவமனை இருக்கிறது. ஆரம்பத்தில் கண்டால் அறுவை செய்து நோயை நீக்க முடியும்.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். அதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.