செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை: என்ன பார்க்க வேண்டும்?

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பெட்ரோல் கார் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால், திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்துப் பயனில்லை. பேட்டரி இறங்கும், ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறும், கோளாறு அப்படியே இருக்கும். ஒரு தடவைக்கு 10 விநாடி போதும். அடுத்த முயற்சிக்கு முன் ஒரு நிமிடம் விடுங்கள்.

என்ஜின் ஓட, பெட்ரோல், தீப்பொறி, சிலிண்டருக்குள் அழுத்தம் மூன்றும் சரியான நேரத்தில் சேர வேண்டும். எது வரவில்லை என்பதற்கான தடயத்தை வண்டியே பெரும்பாலும் காட்டிக் கொடுக்கும்.

சாவி ஆன் நிலையில்

செக் என்ஜின் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் என்ஜினைக் கட்டுப்படுத்தும் இசியூவுக்குக் கரண்ட் போகாமல் இருக்கலாம், ஃபியூஸ்களைப் பாருங்கள். சாவி அல்லது பூட்டுப் படமுள்ள விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால், இம்மொபிலைசர் சாவியை ஏற்கவில்லை என்று பொருள். மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள்.

ஏசியையும் பாட்டையும் நிறுத்திவிட்டுப் பின்சீட்டுப் பக்கம் காதைக் கொடுங்கள். பல கார்களில் பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று விநாடி மெல்ல ரீங்கரித்து நிற்கும். சத்தமே இல்லையென்றால் முதலில் அதன் ஃபியூஸ், அடுத்து ரிலே, கடைசியில்தான் பம்ப். ஹாரன் ரிலேயும் அதே எண் கொண்டதாக இருந்தால், அதைக் கழற்றி இங்கே மாட்டிச் சோதிக்கலாம்.

செல்ஃப் சுற்றும்போது

பல கார்களில் ஆர்பிஎம் முள் சற்றே எழும். அசையாமல் கிடந்தால் கிராங்க் சென்சாரைச் சந்தேகிக்கலாம்; ஸ்கேனரில் பி0335 என்று வந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும்.

வழக்கமான ஏற்ற இறக்கம் இல்லாமல் சர்ரென்று ஒரே சீராகச் சுற்றினால், உடனே நிறுத்துங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். பல என்ஜின்களில் அப்போது பிஸ்டன் மோதி வால்வு வளைந்துவிடும்.

செல்ஃபை நிறுத்திய பிறகு

பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தால் பிளக்குகள் நனைந்திருக்கலாம். ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஒருமுறை செல்ஃப் அடியுங்கள். பல இன்ஜெக்‌ஷன் கார்களில் அப்போது பெட்ரோல் தெளிப்பு நின்று, காற்று மட்டும் போய் ஈரம் குறையும். அப்படியும் பிடிக்காவிட்டால் பிளக், காயில் பக்கம் கவனிக்க வேண்டும்.

மெக்கானிக்கிடம் “ஸ்டார்ட் ஆகலை” என்று மட்டும் சொல்லாதீர்கள். “பம்ப் சத்தம் வருது, ஆர்பிஎம் முள் அசையலை” என்று பார்த்ததைச் சொல்லுங்கள். நல்ல நிலையில் இருக்கும் பம்பை மாற்றிக் காசைக் கரைக்காமல், அவர் நேரே சென்சாரில் கை வைக்க அது உதவும்.