“காய்” விட்டவன் “பழம்” விடும் நாள்! பள்ளிக்கூடத்துக் கடைசி நாள் கலாட்டா

சட்டை முழுக்க மை. கையில் ஆட்டோகிராப் நோட்டு. வாய் நிறைய சிரிப்பு. கண்ணில் மட்டும் தண்ணீர்!

இதுதான் பள்ளிக்கூடத்தின் கடைசி நாள். திருவல்லிக்கேணி ஆகட்டும், வண்ணாரப்பேட்டை ஆகட்டும், மாம்பலம் ஆகட்டும், காட்சி ஒன்றுதான்.

பஸ்சில் கம்பியைப் பிடித்துக் கொண்டு தொங்குகிறவரிடம், கல்லாவில் உட்கார்ந்து காசு எண்ணுகிறவரிடம், பென்ஷன் வாங்கிக் கொண்டு பார்க்கில் நடக்கிறவரிடம், “உங்க ஸ்கூல் கடைசி நாள் ஞாபகம் இருக்கா?” என்று கேட்டால் போதும். வழுக்கைத் தலை மறந்து போகும். 16 வயசுப் பையன் ஆகி விடுவார்!

11-ம் கிளாஸ் காலம்

அந்தக் காலத்தில் பள்ளிப் படிப்பு 11-ம் வகுப்போடு முடிந்தது. அதுதான் எஸ்.எஸ்.எல்.சி. மேலே படிக்க வேண்டுமானால் காலேஜில் ஒரு வருடம் பி.யூ.சி. படிக்க வேண்டும்.

1978-ல் தமிழ்நாட்டில் பிளஸ்-2 வந்தது. முதல் பிளஸ்-2 பரீட்சை 1980-ல் நடந்தது. அதற்கு முன் படித்தவர்கள், “நான் அந்தக் காலத்து லெவன்த்!” என்று இன்றைக்கும் காலரைத் தூக்கி விட்டுக் கொள்கிறார்கள்.

அந்த 11-ம் வகுப்பில் பரீட்சைக்கு முன்னாலேயே சிரிப்பு தொடங்கி விடும். தொடங்கி வைப்பவர் வேறு யாருமல்ல, வகுப்பு வாத்தியார்தான்!

மச்சம் தேடும் படலம்

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அங்க அடையாளம் எழுத வேண்டும். ஒன்று போதாது. இரண்டு வேண்டும். பெரும்பாலும் மச்சம்தான்.

வாத்தியார் ஒவ்வொருவனாகக் கூப்பிடுவார்.

“மச்சம் எங்கடா இருக்கு?”

“தெரியல சார்.”

“உன் உடம்புல இருக்கிறது உனக்கே தெரியாதா?”

அவ்வளவுதான். வகுப்பே எழுந்து விடும். ஒருவன் காதைத் திருப்பிப் பார்ப்பான். இன்னொருவன் கழுத்தை வளைப்பான். “சார், முதுகுல ஒண்ணு இருக்கு!” என்று பின்னால் இருந்து குரல் வரும். “அது மச்சம் இல்ல சார், அழுக்கு!” என்று அடுத்த குரல் வரும்.

மச்சமே இல்லாதவனுக்குத் தழும்பு கை கொடுக்கும். சைக்கிளில் விழுந்த தழும்பு. மாமரத்தில் இருந்து விழுந்த தழும்பு. சண்டையில் கல்லடி பட்ட தழும்பு.

கல்லால் அடித்தவன் அடுத்த பெஞ்சிலேயே இருப்பான். “சார், அது நான் போட்டது!” என்று பெருமையாக எழுந்து நிற்பான். அவன் போட்ட தழும்பு சர்க்கார் ரிகார்டில் ஏறிவிடும்!

நாலு குமார்!

எந்த வகுப்பை எடுத்தாலும் குறைந்தது நாலு குமார் இருப்பார்கள். வருகைப் பதிவேட்டில் இனிஷியல் வைத்து அடையாளம் கண்டு கொள்ளலாம். பையன்களுக்கு அது போதாது.

ஆகவே ஒருவன் ‘நெட்டை’ குமார். ஒருவன் ‘கண்ணாடி’ குமார். சைக்கிளில் வருகிறவன் ‘சைக்கிள்’ குமார். எப்போதும் தாமதமாக வருகிறவன் ‘லேட்’ குமார்.

வாத்தியார்களும் தப்ப முடியாது. கணக்கு வாத்தியார் பேசும் போது அடிக்கடி சொல்லும் ஒரு வார்த்தையே அவருக்குப் பெயர் ஆகி விடும். அவருடைய உண்மைப் பெயர் பல பேருக்கு மறந்தே போயிருக்கும்.

எல்லாப் பட்டப் பெயரும் வேடிக்கைக்கு என்று சொல்லி விட முடியாது. நிறத்தைச் சொல்லி ஒன்று. உடம்பைச் சொல்லி ஒன்று. அப்பா பார்க்கும் தொழிலைச் சொல்லி ஒன்று. கூப்பிடுகிறவனுக்கு அது சிரிப்பு. கேட்கிறவனுக்கு முள்! வெளியே சிரித்து விட்டு, வீட்டுக்குப் போய் சாப்பிடாமல் படுத்தவர்களும் உண்டு.

ஆட்டோகிராப்!

பரீட்சை நெருங்கியதும் பையில் சின்ன நோட்டு ஒன்று முளைக்கும். பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு கலர். ரோஸ், மஞ்சள், இளம் பச்சை. அதுதான் ஆட்டோகிராப். பாரிமுனைப் பக்கம் காகிதக் கடைகளில் வாங்குகிறவர்கள் உண்டு. காசு இல்லாதவன் பழைய நோட்டில் மிச்சம் இருக்கும் தாள்களைக் கிழித்து, நூல் கோத்துத் தைத்துக் கொள்வான்.

பெயர், முகவரி, பிடித்த நடிகர், லட்சியம் என்று கேள்விகள் இருக்கும்.

லட்சியம் என்ற இடத்தில்தான் வேடிக்கை. முதல் பெஞ்சுக்காரன் “டாக்டர்” என்று எழுதுவான். கடைசி பெஞ்சுக்காரன், “அந்த டாக்டரிடம் ஓசியில் ஊசி போட்டுக் கொள்வது” என்று எழுதுவான்!

முகவரி என்ற இடத்தில் வீட்டு நம்பருக்குப் பதில், ஸ்கூல் எதிரில் இருக்கும் டீக்கடையை எழுதியவர்கள் உண்டு. “வாங்கிய கடனைக் கேட்டு எழுத வேண்டாம்” என்று அடியில் ஒரு குறிப்பும் இருக்கும்.

கிண்டல் எல்லாம் முடிந்த பிறகு, மூலையில் சின்ன எழுத்தில் ஒரு வரி எழுதியிருப்பான். “என்னை மறந்துடாதே.” அந்த ஒரு வரிதான் உண்மை. மற்ற எல்லாம் அதை மறைக்க எழுதியது!

போட்டோவில் கண் மூடியவன்

பிரிவுபசார விழா என்றால் குரூப் போட்டோ கட்டாயம் உண்டு. முன் வரிசை நாற்காலியில் ஹெட்மாஸ்டரும் வாத்தியார்களும் இருப்பார்கள். குட்டைப் பையன்கள் தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். நெட்டைப் பையன்கள் பின்னால் பெஞ்சு மேல் நிற்க வேண்டும். நடுவில் சிலேட்டு. அதில் வகுப்பும் வருடமும்.

போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விடுவார். “ரெடி... யாரும் அசையாதீங்க!” என்பார். அந்த நேரம் பார்த்து பின் வரிசையில் ஒருவன் ஜோக் அடிப்பான்.

போட்டோ வந்ததும் எல்லோரும் தன் முகத்தைத்தான் முதலில் தேடுவார்கள். ஒருவன் கண்ணை மூடியிருப்பான். ஒருவன் அடுத்தவன் தலையில் கொம்பு வைத்திருப்பான். ஓரத்தில் பாதி முகம் தெரியும். அது தண்டவாளத் துண்டில் மணி அடிக்கும் பியூன்!

அப்புறம் ஒரு ஸ்வீட், ஒரு காரம், ஒரு டீ. அந்த மிக்சரில் இருக்கும் முந்திரிப் பருப்புக்குக் கடைசிச் சண்டை நடக்கும்.

டி.சி. வாங்கும் நாளில் இன்னொரு சிரிப்பு. வருடம் பூராவும் வாத்தியார் நாற்காலியில் மை ஊற்றியவன், மதில் சுவர் ஏறிக் குதித்து மேட்னி ஷோ போனவன், அவனுடைய டி.சி.யிலும் “நடத்தை: நன்று” என்றே எழுதியிருக்கும்!

போகிற பிள்ளையின் பிழைப்பைக் கெடுக்க எந்த வாத்தியாருக்குத்தான் மனசு வரும்?

மை அடிக்கும் நேரம்

கடைசிப் பரீட்சை முடிந்து மணி அடித்ததும் பேனாக்கள் துப்பாக்கி ஆகி விடும். நீல மை, கறுப்பு மை, சிவப்பு மை. மூடியைக் கழற்றி ஒரு உதறு. வெள்ளைச் சட்டை பாழ்!

“இனிமே இந்தச் சட்டைய யாருடா போடப் போறா?” என்பான் அடிக்கிறவன்.

ஆனால் தம்பிக்கு அதே சட்டைதான் என்று இருக்கும் வீடுகளும் உண்டு. அந்தப் பையன் மட்டும் பேப்பர் கட்டை நெஞ்சோடு அணைத்துக் கொண்டு ஓடுவான். அவனைத் துரத்துகிறவனுக்கு அது தெரியாது.

இந்தக் கூத்துக்கு நடுவேதான் ஒரு காரியம் சத்தம் இல்லாமல் நடக்கும்.

சின்னப் பிள்ளைகள் சண்டை போட்டால் “காய்” விடுவார்கள். பேச்சு கிடையாது. ராசியானால் “பழம்”. 16 வயது ஆனவன் அப்படி விரலை நீட்ட முடியுமா? வெட்கம்!

அதனால் மாதக் கணக்கில் பேசாமல் இருந்தவன், கடைசி நாளில் பேனாவை எடுத்துக் கொண்டு நேராக அவனிடம் வருவான். சட்டையில் மை அடிப்பான். அவனும் திருப்பி அடிப்பான். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

மன்னிப்பு கேட்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் பழம் விட்டாகி விட்டது!

“நம்பர் வந்திருக்கா?”

அன்றைக்கு அப்படிச் சிரித்ததற்குக் காரணம் உண்டு. ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் அதற்குப் பிறகு ஒரே பெஞ்சில் உட்காரப் போவது இல்லை.

பரீட்சை முடிவு அப்போது பத்திரிகையில் நம்பராக வரும். பேப்பர் கட்டு வந்து இறங்கியதும் கூட்டம் முண்டியடிக்கும். வரிசையாக நம்பர்கள். நம்பர் இருந்தால் பாஸ். இல்லாவிட்டால் கோட்!

நம்பர் இல்லாத பையன் பேப்பரை நாலு தடவை திருப்பிப் பார்ப்பான். அச்சுப் பிழையாக இருக்கக் கூடாதா என்று நினைப்பான். பக்கத்தில் நிற்கிற நண்பன் பாஸ். ஆனால் அவனால் வாய் விட்டுச் சிரிக்க முடியாது.

பாஸ் ஆனவர்களும் ஒரே வழியில் போகவில்லை. ஒருவன் பி.யூ.சி. ஒருவன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். ஒருவன் வேலை வாய்ப்பு அலுவலகத்தில் கியூ. ஒருவன் அப்பாவின் மளிகைக் கடை. கோட் அடித்தவன் டுடோரியல் காலேஜ், அல்லது மெக்கானிக் ஷெட்.

“டாக்டர்” என்று எழுதியவர்கள் எல்லோரும் டாக்டர் ஆகவில்லை. பணம் இருந்தவன் படித்தான். இல்லாதவன் வேலைக்குப் போனான். வாத்தியார் கூப்பிட்ட வரிசையில் எல்லோரும் “உள்ளேன் ஐயா” சொன்ன காலம் அன்றோடு சரி!

சினிமாவிலும் பிரிவு

பிரிவு என்றால் சினிமா விடுமா? 1963-ல் வந்த ‘ரத்தத் திலகம்’ படத்துக்கு கண்ணதாசன் எழுதிய கல்லூரிப் பிரிவுப் பாட்டை டி.எம்.சவுந்தரராஜனும் பி.சுசீலாவும் பாடினார்கள். பிரிவுபசார விழா என்றால் அந்தப் பாட்டு என்றே பல வருடங்கள் இருந்தது.

2004-ல் சேரன் தன் படத்துக்கே ‘ஆட்டோகிராப்’ என்று பெயர் வைத்தார். 2018-ல் வந்த ‘96’ படத்தில், தஞ்சாவூரில் ஒன்றாகப் படித்தவர்கள் 22 வருடம் கழித்துக் கூடுவதுதான் கதை. பார்த்தவர்கள் தங்கள் வகுப்பைத் தேடிப் புறப்பட்டார்கள்.

சிரிக்காமல் போன வகுப்பு

சிரித்துப் பிரிவதற்குக் கூட கொடுத்து வைக்காத வகுப்புகளும் உண்டு.

2020 மார்ச் 24. பிளஸ்-2 கடைசிப் பரீட்சை. அன்று மாலை 6 மணி முதல் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு. கொரோனா! எழுதி முடித்தவர்கள் மை அடிக்கவில்லை. பஸ் கிடைக்குமா என்று ஓடினார்கள். பரீட்சைக்கே வர முடியாமல் போனவர்களுக்கு ஜூலை மாதம் மறுபடியும் பரீட்சை நடந்தது.

அடுத்த வருடம் அதை விட மோசம். 2021-ல் பிளஸ்-2 பரீட்சையே ரத்து. 10-ம் வகுப்பு மார்க்கில் 50 சதவீதம், பிளஸ்-1 மார்க்கில் 20 சதவீதம், பிளஸ்-2 செய்முறைத் தேர்விலும் உள் மதிப்பீட்டிலும் 30 சதவீதம் என்று கூட்டிப் போட்டார்கள். 8 லட்சம் பேருக்கு மேல் பாஸ்!

ஊரில் பல பேர் கிண்டல் செய்தார்கள். “எழுதாமலேயே பாஸ் ஆன செட்டு” என்றார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் எதை இழந்தார்கள் என்று யாரும் கணக்குப் போடவில்லை. பாதி வருடம் செல்போனில் பாடம். பல வகுப்புகளுக்குக் குரூப் போட்டோ கிடையாது. கடைசி மணியும் கிடையாது. காய் விட்டவன் காய் விட்டபடியே போனான்!

தழும்பு பேசுகிறது

இப்போது மைக்குப் பதில் கலர்ப் பொடி. ஆட்டோகிராப் நோட்டுக்குப் பதில் சட்டையிலேயே மார்க்கர் பேனாவால் கையெழுத்து. “ஆட்டம் போடாமல் வீட்டுக்குப் போங்க” என்று ஹெட்மாஸ்டர் முன்கூட்டியே சொல்லி விடுகிறார். சில பள்ளி வாசல்களில் கடைசி நாளில் போலீசும் நிற்கிறது.

பெரியவர்களோ வாட்ஸ்அப்பில் குரூப் வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஹால் பிடித்து, பழைய வாத்தியாருக்குச் சால்வை போட்டு, மிக்சர் சாப்பிடுகிறார்கள். முந்திரிப் பருப்புச் சண்டை அங்கேயும் நடக்கிறது!

ஆனால் அந்தக் கூட்டத்துக்கு வராதவர்கள்தான் அதிகம். கார் வைத்திருக்கிறவன் வருகிறான். ஆட்டோ ஓட்டுகிறவன் யோசிக்கிறான். “நம்மள யாரு தேடப் போறாங்க?” என்று இருந்து விடுகிறான். பழைய பட்டப் பெயர் இன்னும் முள்ளாகக் குத்துகிறவனும் வருவது இல்லை.

அப்படிப்பட்டவனுக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பினால் போதாது. நேரில் போக வேண்டும். பட்டப் பெயரை விட்டு விட்டு, வருகைப் பதிவேட்டில் இருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

சர்க்கார் வேலையில் இருந்து ஓய்வு பெறுகிறவர் பென்ஷன் பேப்பரிலும் அங்க அடையாளம் எழுத வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்க்கிறார். அதே தழும்பு! அன்றைக்குக் கல்லால் அடித்தவன் போட்டது.

அவன் இப்போது எங்கே இருக்கிறானோ? பரணில் ஆட்டோகிராப் இருக்கிறது. அதில் முகவரி இருக்கிறது. டீக்கடை முகவரியாக இருந்தால்தான் என்ன? போய்க் கேட்டால் யாராவது சொல்லாமலா போவார்கள்?

பழம் விட வயது ஏது!