வகுப்பறை விவாதம்: எந்தத் தலைப்பு பிள்ளைகளைப் பேச வைக்கும்?

இலக்கிய மன்ற நாள் நெருங்கினால் பள்ளிகளில் வழக்கமான தலைப்புகள் வரிசைகட்டி நிற்கும். அறிவியல் ஆக்கத்துக்கா அழிவுக்கா, கைப்பேசி வரமா சாபமா, பணமா குணமா. இரண்டு பக்கமும் என்ன பேச வேண்டும் என்பது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏற்கெனவே மனப்பாடம். வீட்டில் எழுதிக் கொடுத்ததை ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிடும். நடுவர் இரண்டும் வேண்டும் என்று தீர்ப்புச் சொல்வார். எல்லோரும் கைதட்டுவார்கள். ஆனால் ஒருவர் மனமும் மாறியிருக்காது.

பதின்வயதுப் பிள்ளைகளுக்கு வாதாடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பேருந்தில், மைதானத்தில், வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் விடாமல் வாதாடுகிறார்கள். வகுப்பில் வாயடைத்துப் போவதற்குக் காரணம் தலைப்பு. யாரோ ஒருவர் முடிவெடுத்தே ஆக வேண்டிய விஷயமாக, அதைப் பற்றிப் பிள்ளைகளே நேரில் பார்த்தும் கேட்டும் அறியக்கூடியதாகத் தலைப்பு இருந்தால், அவர்கள் தாமாகப் பேசுவார்கள். சேலத்தில், ஏற்காட்டுச் சாலை மலையேறத் தொடங்கும் அடிவாரத்தை வைத்து இதைப் பார்க்கலாம்.

முடிவைக் கேட்கும் தலைப்பு

‘சுற்றுலாவால் நன்மையா தீமையா?’ என்று கேட்டால் கட்டுரைதான் வரும். ‘கோடை விழா நாள்களில் ஏற்காட்டுக்கும் இ-பாஸ் கட்டாயமாக்க வேண்டும்’ என்று வைத்துப் பாருங்கள். எங்கே, எப்போது, என்ன செய்வது என்பது தெளிவாகிவிடுகிறது. ஒட்டியும் வெட்டியும் பேச ஆள் கிடைப்பார்கள்.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரலில் வாகன எண்ணிக்கைக்கு உச்சவரம்பும் வந்தது. நீலகிரிக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000.

ஏற்காட்டுக்கு வேண்டும் என்கிற அணி 20 கொண்டை ஊசி வளைவுகளைக் காட்டும். வண்டிகள் அணிவகுத்து நின்றால் மலையிலிருந்து நோயாளியைச் சேலத்துக்கு இறக்குவது எப்படி என்று கேட்கும். வேண்டாம் என்கிற அணி, மே மாத வியாபாரத்தை நம்பியிருக்கும் பலாப்பழக் கடைக்காரரையும் விடுதிப் பணியாளரையும் முன்னால் நிறுத்தும். குப்பனூர் வழியாக இன்னொரு பாதை இருக்கிறதே, வண்டிகளைப் பிரித்து விட்டால் போதாதா என்று மடக்கும். இரண்டு அணியும் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதனால் கேட்கிறவர்களும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

சான்று எட்டும் தூரத்தில் இருக்கட்டும்

அணு ஆயுதம் பற்றிப் பேசும் பிள்ளை இன்னொருவர் எழுதியதைத்தான் நம்ப வேண்டும். அடிவாரத்துப் பிள்ளை, பெரியவர் ஒருவர் துணையோடு சாலையைவிட்டு ஒதுங்கி நின்று, ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணி நேரத்தில் மேலே போகும் வண்டிகளை எண்ணலாம். அதையே புதன்கிழமையும் எண்ணி ஒப்பிடலாம். டீக்கடைக்காரரிடம் எந்த மாதம் வியாபாரம் படுத்துவிடும் என்று கேட்கலாம். தானே எண்ணிய எண்ணைச் சொல்லும்போது குரலே வேறு மாதிரி இருக்கும். எதிரணி குறுக்குக் கேள்வி கேட்டாலும் தடுமாறாது.

மலைமேல் இருக்கும் பள்ளிக்குக் காபித் தோட்டமே நூலகம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காபியைக் கொண்டுவந்தார். காபிக்கு நிழல் வேண்டும். அந்த நிழலுக்குப் பல தோட்டங்களில் சில்வர் ஓக் நிற்கிறது. சீக்கிரம் வளரும், மிளகுக் கொடி ஏற்றலாம், பிறகு வெட்டி விற்றால் கைக்குப் பணம் வரும். உள்ளூர் மரங்கள் பல வகையாக நின்றால் பறவைக்கும் மண்ணுக்கும் நல்லது, ஆனால் வருமானம் மெதுவாகத்தான் வரும். ‘புதிதாக நடும் நிழல் மரங்களில் பாதி உள்ளூர் மரமாக இருக்க வேண்டும்’ என்ற தலைப்பில், தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளையும் நாலு ஏக்கர் வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளையும் சமமாகப் பேசலாம். இருவருக்கும் தெரிந்த உலகம் அது.

இரு பக்கமும் ஜெயிக்க முடிய வேண்டும்

தலைப்பை அறிவிக்கும் முன் ஆசிரியர் ஒரு தாளை நடுவில் கோடு போட்டு, இரு பக்கத்துக்கும் மும்மூன்று வலுவான வாதங்களை எழுதிப் பார்க்கட்டும். ஒரு பக்கத்துக்குத் தேறவில்லை என்றால் அந்தத் தலைப்பைக் கைவிடலாம், அல்லது திருத்தலாம். பிளாஸ்டிக் வேண்டுமா வேண்டாமா என்பது அப்படிப்பட்டது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது. வேண்டும் என்று பேசப் போகிறவர் பாவம். அதையே ‘தடையை மீறினால் விற்கும் கடைக்காரரைவிடக் கொண்டுவரும் பயணிக்கே அதிக அபராதம் விதிக்க வேண்டும்’ என்று மாற்றினால் இரு அணிக்கும் பிடி கிடைக்கிறது.

யாரையும் கூண்டில் ஏற்றக் கூடாது

இதில் மிகுந்த கவனம் தேவை. ஒரு பிள்ளையின் சாதி, மதம், பிறப்பு, குடும்பம் ஆகியவற்றை வாதப் பொருளாக்கக் கூடாது. சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ‘பழங்குடியினர் மலையைவிட்டு இறங்கினால்தான் முன்னேற்றமா?’ என்று கேட்பது அவர்களை நிற்க வைத்து விசாரிப்பதற்குச் சமம்.

கடினமான தலைப்பே வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. 2018இல் அறிவிக்கப்பட்ட சேலம்–சென்னை எட்டு வழிச் சாலையை எடுத்துக்கொள்வோம். 277 கிலோமீட்டர், ஏறத்தாழ 10,000 கோடி ரூபாய். விவசாயிகள் நிலத்துக்காகப் போராடினார்கள். நிலம் கையகப்படுத்தியதை 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், புதிதாக அறிவிக்கை வெளியிட்டுத் தொடரலாம் என்றது. இரண்டு நீதிமன்றங்களே இருவேறாகப் பார்த்த வழக்கு, பதினொன்றாம் வகுப்புக்குப் பொன்னான தலைப்பு. ஆனால் அளவுக் கல் நட்ட வயலுக்குச் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளை அந்த வகுப்பில் இருக்கலாம். முன்கூட்டியே தனியாகக் கேளுங்கள். பேசாமல் இருக்கும் உரிமையும், தன் பக்கத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையும் அந்தப் பிள்ளைக்கு உண்டு.

வயதுக்கேற்ற உலகச் செய்தி

எல்லாத் தலைப்பும் உள்ளூராக இருக்க வேண்டியதில்லை. பிள்ளையின் வாழ்க்கையைத் தொட்டால் போதும். ‘16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது’ என்பது எட்டாம் வகுப்பையே கொதிக்க வைக்கும். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் அதுதான் சட்டம். கொஞ்சம் மூத்தவர்களுக்கு ‘வாக்களிக்கும் வயதை 16 ஆக்க வேண்டும்’ என்று கொடுக்கலாம். இந்தியாவில் 21ஆக இருந்த அந்த வயது 61ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால் 1989இல் 18 ஆனது. ஆஸ்திரியா 2007இலேயே 16 ஆக்கிவிட்டது.

நடத்தும் முறை

தலைப்பை ஒரு வாரம் முன்பே கொடுங்கள். அணியைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தால், பிடிக்காத பக்கத்தின் நியாயத்தையும் தேடும் பழக்கம் வரும். ஆளுக்கு மூன்று நிமிடம், பிறகு குறுக்குக் கேள்வி. பேசாத பிள்ளைகள் தொடக்கத்திலும் முடிவிலும் கை தூக்கி வாக்களிக்கட்டும்; எந்த அணி அதிகம் பேரை மாற்றியதோ அதற்கே வெற்றி. நடுவர் தம் சொந்தக் கருத்தைத் தீர்ப்பாக்காமல், எந்த வாதத்துக்குச் சான்று இருந்தது, எதற்கு இல்லை என்று எடுத்துச் சொன்னால் போதும். அடுத்த மாதத்துத் தலைப்பைப் பிள்ளைகளிடமே எழுதி வாங்குங்கள்.

மே தினத்திலும் காந்தி ஜெயந்தியிலும் கிராம சபை கூடுகிறது. சாலை, குடிநீர், குப்பை எல்லாம் அங்கே பேச்சுக்கு வருகின்றன. இன்று ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு நாலு வருடத்தில் அங்கே கை தூக்கும் உரிமை வந்துவிடும். எதிர்த்துப் பேசுகிறவரைக் கடைசிவரை கேட்கவும், ஆதாரத்தோடு பதில் சொல்லவும் அதற்குள் அந்தப் பிள்ளை பழகியிருக்க வேண்டும். பள்ளியில் விவாதம் வைப்பது இதற்காகத்தான்.