குரோம் மேல் பெயிண்ட் நிற்க வேண்டுமானால்

வங்காளத்து உத்தரபாரா ஆலை அம்பாசடர் கார் செய்வதை 2014 மே மாதம் நிறுத்திவிட்டது. ஆனாலும் விற்க மனசு வராமல், எங்கள் திருச்சியில், ஸ்ரீரங்கத்திலும் தில்லைநகரிலும் வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்தி வைத்திருப்பவர்கள் உண்டு. எஞ்சினை எப்படியாவது ஓட வைத்துவிடலாம். மானத்தை வாங்குவது பம்பர்தான். நடுவில் கண்ணாடி மாதிரி மின்னும். ஓரமெல்லாம் பொரிப் பொரியாகத் துரு. மறுபடி முலாம் போடக் கோயம்புத்தூருக்கோ அம்பத்தூருக்கோ அனுப்பினால் செலவு இழுக்கும். அப்போது யாராவது ஒருவர், "மேலாக ஒரு கறுப்பு அடிச்சுடலாம் சார்" என்பார்.

நானும் அப்படி ஒரு பட்டறையில் கொடுத்தேன். பார்க்க அம்சமாகத்தான் வந்தது. ஐப்பசி மழை விட்டதும் ஒரு மூலையில் நகத்தை வைத்தேன். அவித்த முட்டைத் தோடு போல உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வந்தது. அடியில் பழைய குரோம், ஒரு கீறல்கூட இல்லாமல், என்னைப் பார்த்துப் பளபளத்தது.

அந்தக் கீறல் இல்லாததுதான் தப்பு. நாம் குரோம் என்று சொல்வது ஒரே பூச்சு அல்ல. இரும்பின் மேல் நிக்கல், சிலவற்றில் நிக்கலுக்கு அடியில் செம்பு, எல்லாவற்றுக்கும் மேலே குரோமியம். அந்த மேல் படலம் பெரும்பாலும் அரை மைக்ரானைத் தாண்டாது. தலைமுடி ஒன்றே எழுபது மைக்ரான் வரும். காற்றுப் பட்டதும் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் ஒன்று மூடிக்கொள்கிறது. குரோம் கறுக்காமல் இருப்பதும் அதனால்தான், பெயிண்ட் பிடிக்காமல் போவதும் அதனால்தான். படலத்தில் உள்ள நுண்துளைகள் வழியே ஈரம் இறங்கி இரும்பைத் தின்னும்போது நிக்கல் மேலே தூக்கிக்கொள்கிறது. வெளியே மிளகளவு துரு தெரிந்தால் சுற்றிலும் அதைவிடப் பெரிய வட்டம் பிடிப்பு விட்டிருக்கலாம்.

துரு மேலோட்டமாக மட்டும் இருந்தால் பெயிண்டே வேண்டாம் என்பேன். பிரியாணி கட்டிவந்த அலுமினியத் தாளைக் கழுவி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே பாதி போய்விடும். பொரி பொரியாகக் கிளம்பிவிட்டதென்றால்தான் பெயிண்ட் பேச்சு.

பம்பரைக் கழற்றி, முதலில் கழுவுங்கள், தேய்ப்பது பிறகு. வருஷக்கணக்கில் பூசிய தேங்காய் எண்ணெயும் பாலிஷும் அதன் மேல் இருக்கும். அதோடு உப்புத்தாள் போட்டால் எண்ணெயைக் கீறலுக்குள் நாமே திணித்த கதைதான். சோப்புத் தண்ணீர், பிறகு சுத்தமான பனியன் வேஸ்டில் தின்னர். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரே தகடாக வழிந்தால் சரி. முத்து முத்தாக ஒதுங்கினால் அந்த இடத்தில் எண்ணெய் இன்னும் போகவில்லை. இதற்குப் பிறகு வெறுங்கை படக்கூடாது, வியர்வையே போதும் கெடுக்க.

அடுத்து, தூக்கிய முலாமை ஸ்க்ரூடிரைவர் முனையால் நெம்பி, உரிகிற வரைக்கும் உரித்துவிட வேண்டும். பிடித்திருக்கும் குரோமை முழுக்க எடுக்கத் தேவையில்லை. 180 நம்பர் தாளில் ஆரம்பித்து 320 வரை வந்து, மினுக்கம் முழுக்கச் செத்து மங்கலாகும்வரை தேய்த்தால் போதும். முலாம் முடிகிற விளிம்பு மட்டும் படியாக நிற்காமல் சரிவாக இறங்கணும். கண்ணை மூடிக்கொண்டு, மெல்லிய துணி வழியே விரலை ஓட்டுங்கள். விரலுக்குத் தட்டினால் பெயிண்டிலும் தெரியும். தூசி மூக்கில் ஏறாமலிருக்க வாட்டர் பேப்பரில் ஈரத்தோடு தேய்ப்பது நல்லது. உடனே துடைத்துக் காயவைக்காவிட்டால் கண்ணெதிரே புதுத் துரு பூக்கும்.

முலாமை ஆசிட்டில் கரைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கரைகிற குரோமியமும் நிக்கலும் கொல்லை மண்ணில்தான் இறங்கும். ஸ்ரீரங்கமோ இரண்டு ஆற்றுக்கு நடுவே இருக்கிற தீவு. ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவுக் குவியல் அங்கே நிலத்தடி நீரை என்ன பாடு படுத்தியது என்பது ஊரறிந்த விஷயம்.

தேய்த்த அன்றே பிரைமர். சாதாரண என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பிரைமர் இதற்கு ஆகாது. ஹார்டனர் கலக்கும் எபாக்ஸி பிரைமர் வாங்குங்கள். குழிக்குப் பட்டி வைப்பதும் இந்த எபாக்ஸிக்கு மேல்தான், குரோம் மேல் நேராக வைத்தால் பட்டியே பெயர்ந்து வரும். எத்தனை மணி நேரம் விட்டு அடுத்த கோட் என்பதை டப்பாவில் போட்டிருப்பார்கள். பட்டறைக்காரர் அவசரத்தைவிட அதை நம்பலாம். பிறகு 600 நம்பர் தாள், கலர், கிளியர். பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். முகத்தில் துண்டு கட்டுவது பிரயோஜனமில்லை, அதற்கான கேட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய அக்ரஹாரத்து வீட்டில் ஸ்ப்ரே அடிப்பதையே தவிர்த்துவிடுங்கள்.

காலமும் பார்க்கணும். ஆடிக்காற்று மண்ணை வாரிக்கொண்டு வரும். ஐப்பசி, கார்த்திகை மழை. மார்கழிக் காலையில் என்.சி. அடித்தால், தின்னர் ஆவியாகிற குளிரில் ஈரம் படிந்து பெயிண்ட் பால் பூத்த மாதிரி வெளுத்துவிடும். சித்திரை நடுப்பகலில் பம்பர் அடுப்புக்கல். துளி சமமாகப் பரவுமுன்னே காய்ந்து சொரசொரக்கும். தைக்குப் பிறகு பங்குனி வரை, வெயில் ஏறுமுன், நிழலில் அடிப்பதுதான் நம் ஊருக்குத் தோது.

முன்பக்கம் முடிந்ததென்று உடனே மாட்டிவிடாதீர்கள். பம்பரைத் திருப்பிப் பாருங்கள்: சேறும் மழைத்தண்ணீரும் தங்குவது அந்தப் பக்கம்தான், முலாமும் அங்கே மெலிசு. துருவைச் சுரண்டி, அதே எபாக்ஸியை இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காயவிட்டு, போல்ட்டுக்கு அடியில் நைலான் வாஷர் போட்டு மாட்டுங்கள்.