கத்திக்கு எவ்வளவு கூர் வேண்டும்?

புதுக்கோட்டை மாவட்டத்து ஆதனக்கோட்டைப் பகுதி முந்திரிக்குப் பெயர் பெற்றது. முந்திரியில் இளந்தண்டு ஒட்டுக் கட்டும்போது, வேர்ச்செடியின் பிளவும் ஒட்டுக்குச்சியின் ஆப்பு வெட்டும் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். மொண்ணைக் கத்தி பட்டையை நசுக்கிவிடும். வெட்டுவாய் கறுத்துக் காய்ந்து, ஒட்டு பிடிக்காது. செடியும் கூலியும் நட்டம்.

ஆகவே ஒட்டுக்கட்டும் கத்தியை முதலில் சொரசொரப்பான கல்லிலும், பின்பு நயமான கல்லிலும் தண்ணீர் விட்டுத் தீட்ட வேண்டும். கடைசியில் தோல் வாரின்மேல், கத்தியின் முதுகு முன்செல்லுமாறு இழுத்துப் பிசிறைப் போக்க வேண்டும். காகிதத்தைப் பிய்க்காமல் அறுத்தால் கூர் போதும்.

நெல் அறுக்கும் கருக்கரிவாளுக்கு இந்த மெருகு கூடாது. அதன் கருக்குகளே தாளைப் பற்றி அறுக்கின்றன. கல்லில் தேய்த்தால் கருக்கு மழுங்கி, தாள் வழுக்கும். தேய்ந்த அரிவாளுக்குக் கொல்லுப் பட்டறையில் புதிதாகக் கருக்கு வெட்டிக்கொள்வதே முறை.