கடைக்குள் ஒரு பெண் வாய் திறந்து சொல்ல வழி உண்டா?

ஆரணியில் பெண்கள் வேலை செய்யாத வியாபாரம் இன்று எது? பட்டுச் சேலைக் கடையில் சேலையை விரித்துக் காட்டுவது பெண்கள். மளிகைக் கடையில் பருப்பையும் மிளகாயையும் நிறுத்துப் பொட்டலம் போடுவது பெண்கள். அரிசி ஆலைகளில் களம் கூட்டுவதும், தறி வீடுகளில் நூல் இழைப்பதும் தார் சுற்றுவதும் அவர்களே. பில் போடும் பெண் ஒரு நாள் வரவில்லை என்றால் பல கடைகளில் கல்லா நகராது. ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கடைக்குள்ளேயே பாலியல் தொல்லை நேர்ந்தால் என்ன செய்வது என்ற பேச்சை எடுத்தால், "அதெல்லாம் பெரிய கம்பெனி சமாச்சாரம்" என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம்.

சட்டம் அப்படி ஒதுங்க விடவில்லை. ராஜஸ்தானில் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் பணியாற்றிய பன்வாரி தேவி, ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992-ல் கொடுமைக்கு ஆளானார். அதையொட்டி நடந்த விசாகா வழக்கில் 1997 ஆகஸ்ட் 13 அன்று உச்ச நீதிமன்றம் பணியிடங்களுக்கான நெறிமுறைகளை வகுத்தது. அவையே பின்னர் 2013-ஆம் ஆண்டுச் சட்டமாயின. அச்சட்டத்தின்படி கடை, ஆலை, கிடங்கு மட்டுமல்ல, வீடும் பணியிடமே. ஆகவே தறி ஓடும் வீட்டுத் திண்ணையும் அதற்குள் அடங்கும். முதலாளி ஏற்பாடு செய்யும் வேனும் அடங்கும்.

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். இந்தப் பத்து என்ற கணக்கில்தான் நம்மவர்கள் தவறுகிறார்கள். தினக்கூலி, தற்காலிக ஆள், ஒப்பந்த ஆள், வேலை பழகும் பையன் எல்லோருமே கணக்கில் சேர்வார்கள்; ஆண்களும் சேர்த்தி. "எங்கள் கடையில் ஆறு பேர்தான்" என்று சொல்லும் ஜவுளிக்கடையில் மூட்டை இறக்குபவரையும் வேலை பழகுபவரையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். குழு அமைக்கத் தவறினால் அபராதம் 50,000 ரூபாய் வரை. மறுபடியும் தவறினால் இரு மடங்கு; உரிமமே ரத்தாகவும் கூடும்.

அபராதத்துக்குப் பயந்து ஒரு காகிதக் குழுவை அமைத்துவிட்டால் போதுமா? போதாது என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு துயரமான சான்று இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்த நாச்சி அப்பேரல்ஸ் ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொலையுண்டு கிடந்தார். வழக்கில் கைதானவர் அதே ஆலையின் மேற்பார்வையாளர். அவர் மாதக்கணக்கில் தொல்லை கொடுத்து வந்ததாகக் குடும்பத்தாரும் உடன் வேலை செய்தவர்களும் சொன்னார்கள். கூட இருந்தவர்கள் அறிந்த விஷயம், தடுக்க வேண்டியவர்களை அசைக்கவில்லை. இதுதான் நாம் கவனிக்க வேண்டிய இடம்.

அதன் பிறகு நடந்தது பலருக்குத் தெரியாது. பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு நெசவு மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. சரக்கு வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனமும், பின்னர் கேப், பி.வி.எச். நிறுவனங்களும் அதற்குக் கையெழுத்திட்டன. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று இன்று உலகமே பேசுவது இதைத்தான். தொழிலாளி முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் பயிற்சி. தையல் வரிசைகளிலேயே வேலை செய்யும் பெண்களில் சிலரைச் சங்கம் தேர்ந்தெடுத்துக் கண்காணிப்பாளர்களாகப் பழக்கியது. ஒருத்திக்கு ஏதாவது நேர்ந்தால் ஆபீஸ் படியேற வேண்டாம்; பக்கத்து மிஷினில் இருப்பவரிடம் சொன்னால் போதும். வந்த புகார்களில் பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள் தீர்ந்ததாக முதலாண்டு அறிக்கை கூறுகிறது. 2022 ஜூலையில் அந்த ஆலையின் சரக்குக்கு அமெரிக்கச் சுங்கத் துறை தடை போட்டது. ஒப்பந்தப்படி நடந்த சீர்திருத்தங்களைப் பார்த்தபின் செப்டம்பரில் அத்தடை நீங்கியது. வியாபாரிகளாகிய நமக்கு இந்தக் கடைசித் தகவலின் எடை புரியும்.

ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் ஆலையில் நடந்ததை ஐந்து பேர் உள்ள மளிகைக் கடையில் எப்படிச் செய்வது என்று கேட்கலாம். ஒலிபெருக்கியும் மேடையும் தேவையில்லை. கடை திறப்பதற்கு முன் அரை மணி நேரம் போதும். தனித்தனியாக முடியாவிட்டால் ஒரு தெருக் கடைகள் ஒன்று சேர்ந்து, சங்கத்தின் வழியாக ஒரு பெண் வழக்கறிஞரை அழைக்கலாம். ஆனால் பெண்களை மட்டும் உட்கார வைத்து "ஜாக்கிரதையாக இரும்மா" என்று சொல்லி அனுப்புவது பயிற்சி ஆகாது. கணக்குப்பிள்ளை, மூத்த விற்பனையாளர், லோடு இறக்குபவர் எல்லோரும் உட்கார வேண்டும். முதல் வரிசையில் முதலாளி.

சட்டப் பிரிவுகளை ஒப்பிப்பதை விட, கடையில் நடப்பதை எடுத்துச் சொல்வதே பயன் தரும். சேலை மடிக்கும்போது வேண்டுமென்றே கை உரசுவது. கிடங்கில் சரக்கு எடுக்கத் தனியாக வரச் சொல்வது. செல்போனில் ஆபாசப் படத்தைக் காட்டிச் சிரிப்பது. இரட்டை அர்த்தப் பேச்சு. இரவு கடை மூடிய பின் வேலைக்குச் சம்பந்தமில்லாத போன். "சொன்னபடி கேட்டால் சம்பளம் ஏறும்" என்பதும், "இல்லாவிட்டால் நாளையிலிருந்து வராதே" என்பதும் அதே வகைதான். "தங்கச்சி மாதிரி நினைத்துத்தான் தோளைத் தட்டினேன்" என்று சொல்பவர் உண்டு. தட்டியவர் என்ன நினைத்தார் என்பது இருக்கட்டும். அந்தப் பெண் அதை விரும்பினாளா என்பதே கேள்வி.

நம் ஊருக்கென்று ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நெசவுத் தொழிலில் முன்பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்வது வழக்கம். அப்பா வாங்கிய முன்பணம் கழியும்வரை மகள் வாய் திறக்க மாட்டாள். மேஸ்திரியோ கணக்குப்பிள்ளையோ அதைத் தெரிந்துகொண்டே அத்துமீறினால், அவள் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா? முன்பணக் கணக்கு வேறு, இது வேறு என்று முதலாளி எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட வேண்டும்.

தொல்லை கொடுப்பவர் வாடிக்கையாளராகவோ, ஏஜென்சி ஆளாகவோ, லாரி டிரைவராகவோ இருந்தாலும் ஊழியருக்குப் பாதுகாப்பு தருவது முதலாளியின் கடமை என்று சட்டம் சொல்கிறது. பெரிய பில் போடும் வாடிக்கையாளர் என்றால் கொஞ்சம் கஷ்டம்தான். அந்தக் கவுண்டருக்கு ஓர் ஆண் விற்பனையாளரை மாற்றி நிறுத்த எவ்வளவு நேரம் ஆகும்?

புகார் வந்த பிறகு நம்மவர்கள் செய்யும் முதல் காரியம், இரு தரப்புப் பெரியவர்களையும் கூப்பிட்டுத் தொகை பேசி முடிப்பது. சமரசத்தை அந்தப் பெண்தான் கேட்க வேண்டும். அப்போதும் பணம் அதற்கு அடிப்படையாக இருக்கக் கூடாது. அவள் பெயரை வெளியே விடுவதும் குற்றம். ஆரணி போன்ற ஊரில் காலையில் சொன்னது மாலைக்குள் நாலு தெரு சுற்றிவிடும் என்பதால் இது மிக முக்கியம். "பொய்ப் புகார் கொடுத்துவிட்டால்?" என்று கேட்பவர்களுக்கு: வேண்டுமென்றே கொடுத்த பொய்ப் புகாருக்கும் நடவடிக்கை உண்டு, ஆனால் நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே புகார் பொய்யாகிவிடாது. பதினெட்டு வயது நிறையாதவர் என்றால் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்; மறைத்தால் மறைத்தவர் மீதே வழக்கு வரும்.

பத்துப் பேருக்குக் குறைவான கடையிலும், புகாரே முதலாளி மீது என்றாலும், போக வேண்டிய இடம் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழு. நமக்கு அது திருவண்ணாமலை மாவட்டக் குழு. ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கான அலுவலரும் குழுவும் இருக்க வேண்டும் என்று 2024 டிசம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் கண்டிப்பாக உத்தரவிட்டிருக்கிறது. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் கிடைக்கும். எழுதத் தெரியாதவருக்குக் குழுவே எழுதித் தர உதவும். விசாரணை தொண்ணூறு நாளில் முடிய வேண்டும்.

கல்லாவுக்குப் பின்னால் லட்சுமி படத்தின் அருகே எடைக் கல் முத்திரைச் சான்றும் உரிமமும் மாட்டியிருக்கிறோம். அங்கே இன்னொரு தாளுக்கும் இடம் இருக்கிறது. குழு உறுப்பினர்களின் பெயர், சிறு கடையானால் மாவட்டக் குழுவின் முகவரி, மகளிர் உதவி எண் 181. பெரிய எழுத்தில், தமிழில், பொட்டலம் போடும் இடத்திலிருந்து படிக்கும்படி.